பிந்திக் கற்ற விரல்கள்

கைத்தொழிலை இளமையிலேயே பழகிவிட வேண்டும், பிந்தினால் விரல் வளையாது என்பது தமிழர் வாழ்விலே ஆழ வேரூன்றிய எண்ணமாகும். தச்சன் வீட்டுப் பிள்ளைக்கு உளியும் கொல்லன் வீட்டுப் பிள்ளைக்கு உலையும் தொட்டிலோடு வந்துவிடுகின்றன. ஆனால் நாற்பது வயதைக் கடந்த ஓர் எழுதுவினைஞரோ ஆசிரியரோ ஒருநாள் மாலை, பதனிட்ட தோல்துண்டு ஒன்றையும் ஒரு சுத்தியலையும் எடுத்துக்கொண்டு விறாந்தையில் அமர்ந்தாராயின், வீட்டார் முதலிற் சிரிப்பர். அது நீடித்தால் கவலைப்படுவர். "இந்த வயதிலே இது எதற்கு?" என்ற வினா எழும். இவ்வொரு வினாவினுள்ளே இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. இந்த வயதில் விரல் கற்குமா என்பது ஒன்று. தோலைத் தொடும் வேலை இந்தக் குடும்பத்துக்குத் தகுமா என்பது மற்றொன்று. முன்னையது வாய்விட்டுக் கேட்கப்படுகின்றது. பின்னையது கேட்கப்படாமலே விடையையும் பெற்றுவிடுகின்றது.

இவ்விரண்டையும் ஒருங்கே எதிர்கொண்டவர் காந்தி. தென்னாபிரிக்காவிலே, ஜொகன்னஸ்பேர்க் நகருக்கு அண்மையில், 1910இல் டால்ஸ்டாய் பண்ணை தொடங்கப்பட்டபோது அவருக்கு வயது நாற்பது. தொழிலால் அவர் பாரிஸ்டர். பிறப்பால் வணிகக் குலத்தவர். பண்ணைக்கு நிலம் வழங்கிய கட்டடக்கலைஞர் ஹெர்மன் கலன்பாக், மேரியன்ஹில்லிலிருந்த டிராப்பிஸ்ட் துறவியர் மடத்திலே செருப்புச் செய்யக் கற்று வந்தார். அவரிடம் காந்தி கற்றார்; கற்றதைப் பண்ணையிலிருந்தோருக்குக் கற்பித்தார். அங்கு வாழ்ந்த சத்தியாக்கிரகிகளிலே தமிழ்க் குடும்பத்தினரும் இருந்தனர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. சிறையிலிருந்து செய்த ஒரு சோடிச் செருப்பை அவர் 1914இல் ஜெனரல் ஸ்மட்சுக்குக் கொடுத்தனுப்பியதும், பல கோடைகள் அதனை அணிந்த ஸ்மட்ஸ், 1939இல் காந்தியின் எழுபதாம் பிறந்தநாளை ஒட்டி அதைத் திருப்பி அனுப்பியதும் பலரறிந்த செய்தி. இரு எதிரிகளின் மரியாதைக் கதையாகவே அதனைச் சொல்லிச் செல்வர். நாற்பது வயதில் ஊசி பிடித்த ஒரு கையின் கதையாகவும் சொல்லலாம்.

செருப்புத் தைப்பதினும் தோலிலே சித்திரம் அழுத்துவது நுணுக்கமான வேலை. அதற்கு எல்லாத் தோலும் உதவா. குரோமிய உப்பினாற் பதனிட்ட தோல், எவ்வளவு அழுத்தினாலும் மீண்டெழுந்துவிடும். மரப்பட்டையினாலே, தமிழகத்து வழக்கில் ஆவாரம்பட்டையினாலே, பதனிட்ட தோலே வேண்டும். அதனை நீரில் நனைத்து வைத்தால் முதலிற் கருமையுறும். பின்னர் மெல்ல மெல்லத் தன் பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும். அந்தப் பதத்திலேதான் வேலையைத் தொடங்க வேண்டும். கத்திமுனையால் உருவின் கோட்டைக் கீறி, கோட்டின் ஒரு புறத்தை உலோக அச்சினாலே தட்டித் தாழ்த்தினால், தாழாத புறம் இலையாகவோ பூவாகவோ எழுந்து நிற்கும். ஈரம் மிகுந்தால் உரு குழம்பும்; குறைந்தாற் பதியாது. பிழையாகக் கீறிய கோட்டை அழிப்பதற்கோ வழியே இல்லை.

பிந்திக் கற்பவருக்கு உண்மையான இடர் இங்கேதான் உளது. விரலின் இறுக்கம் சிறு தடையே. பழகப் பழக அது தளரும். பெருந்தடை வெட்கமாகும். சிறுபிள்ளை பத்துத் துண்டுகளைக் கெடுத்துவிட்டுப் பதினோராவதைக் கூசாமற் கேட்கும். நாற்பது வயதுக்காரரோ தமது உத்தியோகத்திலே பிழைவிடாதவர் என்று பெயரெடுத்தவர். கெட்டுப்போன துண்டை மேசை இழுப்பறையிலே ஒளித்துவைப்பார்.

அழிக்க முடியாத கோடு மாத்தளைக்குப் புதிதன்று. நகருக்கு வடக்கே, யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியில் ஏறத்தாழ 3 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அலுவிகாரையிலேதான், கி.மு. முதலாம் நூற்றாண்டிலே, பௌத்த திரிபிடகம் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டதென மரபு கூறும். எழுத்தாணி ஓலையைக் கீறும். கீறிய தடத்திலே கரியும் எண்ணெயும் தேய்த்த பின்னரே எழுத்து நன்கு துலங்கும். அதே மாவட்டத்து ஹபுவிடக் கிராமம் அரக்கு வேலைக்குப் பெயர்பெற்றது. நிறமூட்டிய அரக்கைச் சூடாக்கி, நூல்போல இழுத்து, மரத்தின்மீது பதித்து, பெருவிரல் நகத்தினாலே நறுக்குவர். அதனால் அதற்கு நகவேலை என்றே பெயர்.

கண்டிநாட்டின் இத்தகைய கைவினைகளை 1908இல் வெளிவந்த 'மத்தியகாலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலிலே ஆனந்த குமாரசுவாமி பதிவு செய்தார். கனிப்பொருள் ஆய்வுக்காக இலங்கைக்கு வந்த புவிச்சரிதவியலாளர் அவர். கலை அவருக்கும் பிந்தி வந்ததே. அவர் விவரித்த உலகிலே கைவினை என்பது குலத்தொழில். கைவினைஞர் நிலம் பெற்று, அதற்கீடாக மன்னருக்கு இராசகாரியம் செய்தனர். இராசகாரியத்தை 1832இல் ஆங்கிலேயர் ஒழித்தனர். தொழிலைக் குலத்தோடு கட்டிய முடிச்சு அவ்வளவு எளிதில் அவிழவில்லை.

அந்த அலுவிகாரையின் பெருங்குடும்பம் ஒன்றிலேதான் எனா டி சில்வா 1922இற் பிறந்தார். தந்தையார் சேர் ரிச்சர்ட் அலுவிகாரை, பொலிஸ் மாஅதிபர் பதவியை வகித்த முதல் இலங்கையர். கணவர் ஒஸ்மண்ட் டி சில்வாவும் பின்னர் அப்பதவியில் இருந்தவர். கையிலே மெழுகு படாமலே வாழ்ந்து முடித்திருக்கக்கூடிய பெண்மணி. எனினும் 1960களின் தொடக்கத்திலே, நாற்பது வயதை அண்டிய காலத்தில், மகனோடும் ஓவியர் லக்கி சேனநாயக்கவோடும் சேர்ந்து பற்றிக் வேலையில் இறங்கினார். உருக்கிய மெழுகைத் துணியிலே தீட்டி, சாயத்தில் தோய்த்து, மீண்டும் மெழுகிட்டு, மீண்டும் தோய்த்து, இறுதியிற் கொதிநீரில் மெழுகை நீக்குவதே பற்றிக். மெழுகு மூடிய இடத்திற் சாயம் ஏறாது. தவறி விழுந்த ஒரு சொட்டு மெழுகும் அவ்வாறே தன் அடையாளத்தை விட்டுச் செல்லும். தோலிற் கீறிய கோடும் துணியிற் சொட்டிய மெழுகும் இவ்வகையில் ஓரினமே.

வீட்டிலே தொடங்கிய வேலை வீட்டோடு நிற்கவில்லை. கொழும்பு அல்பிரட் பிளேசில் அவருக்கு வீடு அமைத்த கட்டடக்கலைஞர் ஜெப்ரி பாவா, தாம் 1960களின் இறுதியில் அமைத்த பெந்தோட்டை கடற்கரை ஹோட்டலின் வரவேற்பு மண்டபத்து முகட்டை எனாவின் பற்றிக் துணிகளாலேயே அலங்கரித்தார். கோட்டேயில் 1982இல் திறக்கப்பட்ட பாராளுமன்றத்துக்கும் அவருடைய கொடிகள் சென்றன. பிரித்தானிய வேர்ஜின் தீவுகளிலே கைவினை ஆலோசகராகச் சில காலம் பணிபுரிந்த பின்னர், அறுபதை அண்டிய வயதிலே, அவர் அலுவிகாரைக்குத் திரும்பினார். ஓய்ந்திருக்க அன்று. மாத்தளை மரபுரிமை நிலையம் என அறியப்பட்ட அவரது பட்டறைகளிலே ஊர்ப் பெண்கள் பற்றிக்கும் தையற் சித்திரமும் செய்தனர். இளைஞருக்குத் தச்சு வேலையும் பித்தளை வார்ப்பும் இருந்தன. 2015இல் அவர் மறையும்வரை அலுவிகாரையே அவருக்கு வீடாகவும் பட்டறையாகவும் இருந்தது.

வசதியுள்ளவருக்கு எதுவும் பொழுதுபோக்காகும் என்று ஒருவர் கூறக்கூடும். கூற்றில் நியாயம் உண்டு. அதே மாத்தளையின் மலைத்தோட்டங்களிலே நாள் முழுதும் கொழுந்து பறித்த விரல்கள் மாலையில் இன்னொரு வேலையை விளையாட்டாகத் தேடுவதில்லை. ஆயினும் அலுவிகாரைப் பெண்கள் பற்றிக்கைப் பொழுதுபோக்காகக் கொள்ளவில்லை, கூலிக்குச் செய்தனர். அவர்கள் அமர்வதற்கு வேறொரு வசதியும் இருந்தது. பற்றிக் சாவகத்திலே வளர்ந்த கலை. கண்டிநாட்டிலே அது எந்தக் குலத்துக்கும் உரியதாக இருக்கவில்லை. எவரும் அதன்முன் அமரலாம், எவரும் முகஞ்சுழியார்.

தோலுக்கு அந்த வசதி இல்லை. தமிழர் ஊர்களிலே அது தொட்டவரையே தீண்டத்தகாதவராக்கிய பொருள். தோல்வேலைக் குடும்பத்துப் பிள்ளை அதனை விட்டோடிப் பள்ளிக்கூடம் போகின்றது, போவதே முறை. பள்ளிக்கூடம் போய், உத்தியோகம் பார்த்து, பிள்ளைகளைக் கரைசேர்த்தவரோ அதே தோலைப் புதுமையாகக் கையிலெடுக்கின்றார். ஒருவர் தப்பி வந்த வாசலினூடே மற்றவர் ரசனையோடு உள்நுழைகின்றார். காந்திகூடச் செருப்புத் தொழிலைக் கற்றது இந்தியக் குலத்தொழிலாளர் ஒருவரிடமன்று, ஐரோப்பியத் துறவியர் மடத்தின் வழியாகவே என்பது சிந்திக்கத்தக்கது.

விறாந்தையில் அமர்ந்த அந்த எழுதுவினைஞருக்கும் தோலின் பதத்தைப் புத்தகம் ஓரளவே சொல்லிக்கொடுக்கும். எஞ்சியதை அறிந்தவர் கடைவீதி ஓரத்திலே ஒரு கிழிந்த குடையின் கீழ் அமர்ந்து அறுந்த வாரைத் தைத்துக்கொண்டிருப்பார். கத்தியை எந்தச் சாய்வில் தீட்டுவது, எவ்வளவு ஈரம் போதும் என்பனவற்றை அவர் தொட்டே சொல்வார். அவரிடம் கற்க விரும்புபவர் வீதியோரத்திலே, பலர் பார்க்க, அவருக்குப் பக்கத்திலே நிலத்தில் அமர வேண்டும். அவரை "ஐயா" என்று அழைத்துக் கேட்கவும் வேண்டும். இழுப்பறையில் ஒளித்துவைத்த கெட்ட துண்டுகளையும் கையோடு கொண்டுபோனால் நல்லது. எங்கே பிழைத்தது என்பதை அவர் அவற்றிலேதான் காட்டுவார்.