ஐஎஃப்கான்ஃபிக்கை நம்பி மோசம் போன கதை

இரண்டே இரண்டு புள்ளிகளால் ஒரு பையனின் ஸ்காலர்ஷிப் போயிற்று என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். அந்த இரண்டு புள்ளிகளை நம்பி நிரல் எழுதிய மகானுபாவன் அடியேன்தான்.

எங்கள் ஹாஸ்டலுக்கு அப்போது இரண்டு இணைய இணைப்புகள். ஒன்று வேகமான ஃபைபர். இன்னொன்று, அது படுத்துவிட்டால் கைகொடுக்க ஒரு கிழட்டு டிஎஸ்எல். இரண்டு மோடத்துக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவில் ஒரு லினக்ஸ் பெட்டி. அதைப் பார்த்துக்கொள்வது மாணவர்கள் வேலை, 2017ல் அது என் தலையில் விழுந்தது. இரண்டாம் வருஷம். லினக்ஸ் தெரியும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்ததற்குத் தண்டனை.

ஃபைபர் போனால் யாராவது என் அறைக் கதவைத் தட்டுவார்கள், நான் போய் ரூட்டை மாற்றிவிட வேண்டும். நாலு நாள் தூக்கம் கெட்டதும் ஒரு ஷெல் ஸ்க்ரிப்ட் எழுதினேன். கிரான் அதை நிமிஷத்துக்கு ஒருமுறை ஓட்டும். ஸ்க்ரிப்ட் ஐஎஃப்கான்ஃபிக் கட்டளையைக் கூப்பிட்டு, அது கக்கும் எழுத்துக் குவியலில் ஐபி முகவரியைத் தேடும். முகவரி இருந்தால் லைன் உயிரோடு இருக்கிறது. இல்லையென்றால் செத்துவிட்டது, அந்தப் பக்கம் போகும் டிஃபால்ட் ரூட்டை அழி, அடுத்த லைனைப் பார். அவ்வளவுதான், பதினைந்து வரி. இரண்டு வருஷம் பிரமாதமாக ஓடியது. எனக்கு லேசாகத் தலைக்கனம்கூட வந்தது.

2019ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெட்டியில் இருந்த டெபியன் 8ஐ 9க்கு ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன். 'இரவு 8 முதல் 10 வரை நெட் இருக்காது' என்று நோட்டீஸ் ஒட்டியாயிற்று. பத்து மணிக்கு எல்லாம் முடிந்து, ரீபூட் செய்து, ஒரு பக்கம் திறக்கிறதா என்று பார்த்தேன். திறந்தது. பையை மாட்டிக்கொண்டு ஊருக்குப் போக பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

பத்தே முக்காலுக்கு ஜூனியர் பையனிடமிருந்து போன். "அண்ணா, நெட் வரல. எனக்கு ஸ்காலர்ஷிப் ஃபார்ம் இன்னிக்கு 11:59தான் கடைசி."

"பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுடா." (கம்ப்யூட்டர் படிக்கிறவன் சொல்கிற வைத்தியத்தைப் பாருங்கள்.)

இரண்டு நிமிஷத்தில் மறுபடி போன். "வந்துச்சுண்ணா... லாகின் பண்றதுக்குள்ள போயிடுச்சு."

"மறுபடி பண்ணு."

"அதே மாதிரிதான்ணா. ஒரு நிமிஷம் வருது, போயிடுது."

ஒரு நிமிஷம்! அந்த வார்த்தையைக் கேட்டதுமே எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? நிமிஷத்துக்கு ஒருமுறை ஓடுவது அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது? மோடம் சூடாகியிருக்கும், கேபிளை ஆட்டிப் பார் என்று ஏதேதோ சொன்னேன். அப்புறம் பஸ் சிக்னல் இல்லாத இடத்துக்குள் போய்விட்டது. அவன் போனில் அன்றைய டேட்டா தீர்ந்திருந்தது. மேல் மாடிக்கு ஓடி, தூங்கிக்கொண்டிருந்த ஒருத்தனை எழுப்பி, ஹாட்ஸ்பாட் வாங்கி, ஸ்கேன் செய்த சான்றிதழ்களை ஏற்றும்போது மணி 12:04. தளம் மூடியாயிற்று.

திரும்பி வந்து பார்த்தேன், ஐந்து நிமிஷத்தில் புரிந்துவிட்டது. பழைய ஐஎஃப்கான்ஃபிக், முகவரிக்கு முன்னால் 'ஐநெட்' என்று எழுதி, பக்கத்தில் 'அட்ரஸ்' என்பதன் சுருக்கத்தைப் போட்டு, ஒரு முக்காற்புள்ளி வைக்கும். டெபியன் 9ல் வந்தது, 'ஐநெட்' என்று மட்டும் போட்டு, ஒரு இடைவெளி விட்டு, முகவரியைத் தந்துவிடும். என் ஸ்க்ரிப்ட் தேடியது அந்த முக்காற்புள்ளியை. கிடைக்கவில்லை. ஆக ஃபைபர் செத்தது, ரூட்டை அழி. டிஎஸ்எல்லும் செத்தது, அதையும் அழி. இரண்டு லைனும் கல்லுக்குண்டாக உயிரோடு இருக்க, நடுவில் என் நிரல் நிமிஷத்துக்கு ஒருமுறை தவறாமல் குழி தோண்டிக்கொண்டிருந்தது.

மனிதன் கண்ணால் படிப்பதற்காக எழுதப்பட்டதை நிரலை விட்டுப் படிக்கச் சொன்னது என் தப்பு. சரி, ஐஎஃப்கான்ஃபிக் யாரிடம் கேட்கிறது? கர்னலிடம். அப்படியானால் நான் ஏன் தரகர் மூலம் கேட்க வேண்டும், நேராகவே கேட்கலாமே என்று தேடப் போய்த்தான் நெட்லிங்க் கிடைத்தது.

பழைய வழியின் பெயர் ஐயோசிடிஎல். ஒரு சாக்கெட்டைத் திறந்து, ஒரு எண்ணையும் ஒரு ஸ்ட்ரக்சரையும் கொடுத்தால் கர்னல் அதை நிரப்பித் தரும். ஐஎஃப்கான்ஃபிக்கும் ரூட் கட்டளையும் இந்த வழியையும் ப்ராக் கோப்புகளையும் வைத்துத்தான் காலம் தள்ளுகின்றன. ரேஷன் கடைக்குத் தினமும் நடந்து போய் 'சீனி வந்துச்சாண்ணே' என்று கேட்கிற கதை. வந்ததும் சொல்லிவிடுங்கள் என்று சொல்ல வழியில்லை. பிஎஸ்டிகாரர்கள் இந்தக் கஷ்டத்தை 1990லேயே, 4.3பிஎஸ்டி ரீனோவில், ரூட்டிங் சாக்கெட் என்று ஒன்றை வைத்துத் தீர்த்துவிட்டார்கள். லினக்ஸில் 1999ல் வந்த 2.2 கர்னலில் ஆர்டிநெட்லிங்க் வந்தது. அதற்கும், அதைப் பயன்படுத்தும் ஐபி கட்டளைக்கும் பின்னால் இருந்தவர் அலெக்ஸி குஸ்னெத்சோவ் என்ற ரஷ்யர். 2003ல் ஆர்எஃப்சி 3549 என்று இதற்கு ஓர் ஆவணமும் எழுதினார்கள்.

இதில் எல்லாமே கடிதப் போக்குவரத்துதான். சாதாரண சாக்கெட் போலவே திறக்கிறோம், குடும்பப் பெயர் மட்டும் ஏஎஃப்_நெட்லிங்க். எதிர்முனையில் இருப்பது வேறு கணினி இல்லை, கர்னல். ஒவ்வொரு கடிதத்துக்கும் 16 பைட் தலைப்பு: மொத்த நீளம், வகை, கொடிகள், வரிசை எண், அனுப்புநர் எண். வகைகளை நாலு நாலாக அடுக்கியிருக்கிறார்கள். இண்டர்ஃபேஸுக்கு 16 முதல், முகவரிக்கு 20 முதல், ரூட்டுக்கு 24 முதல். ஒவ்வொன்றிலும் முதலாவது 'புதிது', அடுத்தது 'அழி', மூன்றாவது 'கொடு'. வகை எண்ணின் கடைசி இரண்டு பிட்டைப் பார்த்தாலே போதும், சேர்க்கச் சொல்கிறானா, அழிக்கச் சொல்கிறானா, சும்மா விசாரிக்கிறானா என்று கர்னலுக்குத் தெரிந்துவிடும். விசாரிக்க யார் வேண்டுமானாலும் வரலாம், மற்றதற்கு நிர்வாக உரிமை வேண்டும். தலைப்புக்குப் பின்னால் ரூட்டுக்கு ஒரு 12 பைட் ஸ்ட்ரக்சர், அதற்குப் பின்னால் சின்னச் சின்ன பொட்டலங்களாக விவரங்கள். ஒவ்வொரு பொட்டலமும் நாலு பைட் எல்லையில் தொடங்க வேண்டும்.

படிக்க அழகாக இருக்கிறதல்லவா? எழுதிப் பாருங்கள், தெரியும். மேன் பேஜே தன் கடைசியில் 'இந்தப் பக்கம் முழுமையானதல்ல' என்று ஒப்புக்கொள்கிறது. நேரடியாக இதோடு மல்லுக்கட்டாமல் ஒரு லைப்ரரியைப் பயன்படுத்துவது நல்லது என்று புத்திமதியும் சொல்கிறது. நான் கேட்கவில்லை. குற்ற உணர்ச்சியில் இருப்பவனுக்குக் கஷ்டமான வழிதான் சரியான வழியாகத் தெரியும் போலிருக்கிறது.

நான் அனுப்பிய முதல் ரூட் கடிதத்துக்குக் கர்னல் போட்ட பதில்: மைனஸ் 22. 'தவறான ஆர்க்யுமெண்ட்'. எது தவறு? சொல்லாது. அரசாங்க அலுவலகத்தில் 'ஃபார்ம் சரியில்லை' என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்புவார்களே, அதே பதில். இரண்டு ராத்திரி பைட் பைட்டாக எண்ணினேன். நாலு பைட் எல்லை சரி, நீளம் சரி. கடைசியில்தான் 2017ல், 4.12 கர்னலில் வந்த ஒரு வசதி கண்ணில் பட்டது. சாக்கெட்டில் ஒரு ஆப்ஷனைப் போட்டால் கர்னல் பிழை எண்ணோடு காரணத்தையும் வாக்கியமாக எழுதி அனுப்பும். என் லேப்டாப்பில் புதிய கர்னல்தான் இருந்தது. போட்டேன். கொடுத்த நீளத்துக்கு இந்த ப்ரிஃபிக்ஸ் பொருந்தவில்லை என்றது. 24 பிட் நெட்வொர்க் என்று சொல்லிவிட்டு முகவரியின் கடைசி பைட்டில் பூஜ்யத்துக்குப் பதில் 5 வைத்திருந்தேன்! இருபது வருஷம் முந்தி யாரோ ரஷ்யாவில் யோசித்து வைத்த கட்டம், அதில் நான் போட்ட ஒரே ஓர் ஐந்து.

இன்னொரு வேடிக்கை. எல்லாம் சரியாக நடந்தால் வருகிற ரசீதும் 'பிழை' வகைக் கடிதம்தான், உள்ளே பிழை எண் 0 என்று இருக்கும். முதல்முறை அதைப் பார்த்து அரை மணி நேரம் துக்கம் கொண்டாடினேன்.

நிஜமான லாபம் தண்டோராவில் இருக்கிறது. இன்ன குழுவில் என்னைச் சேர்த்துக்கொள் என்று சாக்கெட்டில் சொல்லிவிட்டால், கேபிள் கழன்றாலும் முகவரி மாறினாலும் கர்னலே கடிதம் போடும். நிமிஷக் கணக்கில் காத்திருக்க வேண்டாம். கேபிளைப் பிடுங்கினேன், பிடுங்கிய கை கீழே வருவதற்குள் திரையில் வரி வந்துவிட்டது. அன்றைக்கு ஒரு பத்து தடவையாவது பிடுங்கிப் பிடுங்கிச் செருகியிருப்பேன், குழந்தை சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதுபோல.

ஆனால் இந்தத் தண்டோரா நமக்காகக் காத்திருக்காது. நம் நிரல் மெதுவாகப் படித்து சாக்கெட் நிரம்பிவிட்டால், கர்னல் மீதிக் கடிதங்களைப் போட்டுவிட்டுப் போய்விடும். அடுத்து படிக்கும்போது 'இடமில்லை' என்று ஒரு பிழை வரும். எது தொலைந்தது என்று தெரியாது, முழுப் பட்டியலையும் மறுபடி கேட்டு வாங்குவது ஒன்றே வழி. ஆரம்பத்திலும் முதலில் குழுவில் சேர்ந்துவிட்டு, அப்புறம்தான் பட்டியலைக் கேட்க வேண்டும். மாற்றிச் செய்தால் நடுவில் நடந்தது நம் கணக்கில் வராது. மோடம் வரை கேபிள் நன்றாக இருந்து, அதற்கு அப்பால் லைன் போயிருந்தால் கர்னலுக்கும் தெரியாது. அதற்கு வெளியே ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும் வேலையைத் தனியாக வைத்தேன்.

பழைய ஸ்க்ரிப்ட் கண்ணில் பட்ட டிஃபால்ட் ரூட்டை எல்லாம் அழித்தது. நெட்லிங்கில் ஒவ்வொரு ரூட்டோடும் 'இதைப் போட்டது யார்' என்று ஓர் எண் போகும். கர்னல் தானாகப் போட்டதற்கு 2, கையால் போடும் ஸ்டாட்டிக் ரூட்டுக்கு 4. நான் 200 என்று வைத்துக்கொண்டேன். 200 இல்லாத எதையும் என் நிரல் தொடாது. அழித்துவிட்டுச் சேர்ப்பதும் கிடையாது, 'இருந்தால் மாற்று, இல்லாவிட்டால் உருவாக்கு' என்று ஒரே கடிதம். இரண்டு லைனும் செத்ததாகத் தோன்றினால் எதுவும் செய்யாதே, சும்மா இரு என்று ஒரு நிபந்தனையும். 2017ல் அந்த ஒரு வரியை எழுதியிருந்தால் போதும், நெட்லிங்கே வேண்டியிருந்திருக்காது. அதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

அந்தப் பையனிடம் நடந்ததைச் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. மோடம் கோளாறு என்றே அவன் நினைத்துக்கொண்டிருந்தான். அப்படியே விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன், மறைப்பானேன். மெஸ்ஸில் தட்டோடு போய் எதிரில் உட்கார்ந்து, கிரான், ஸ்க்ரிப்ட், முக்காற்புள்ளி எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "டேட்டாவைக் காலையிலேயே படம் பார்த்துத் தீர்த்தது நான்தானேண்ணா" என்றான். அது எனக்கு ஆறுதலாக இல்லை. அந்த வருஷம் அவன் அப்பா வட்டிக்கு வாங்கித்தான் ஃபீஸ் கட்டினார் என்பது பின்னால் வேறொருவன் மூலம் தெரிந்தது.

நான் படிப்பு முடித்துக் கிளம்பும்போது சர்வர் பாஸ்வேர்டை அவனிடம்தான் கொடுத்தேன், அவனே கேட்டு வாங்கினான். இரண்டு மாதம் கழித்து ஒரு மெயில் வந்தது. பட்டியல் பாதியில் இருக்கும்போது ரூட் மாறினால், பட்டியல் ஒழுங்காக இல்லை என்று கர்னல் ஒரு கொடியைத் தூக்கிக் காட்டுமாம், அதை என் நிரல் கவனிக்கவே இல்லையாம். திருத்திய கோப்பை இணைத்திருந்தான்.