குறைந்த எண்ணே நிறைந்த வெற்றி

விளையாட்டுகளுள் பெரும்பாலானவை எண்ணைக் கூட்டிக் காட்டுவோர்க்கே வெற்றி மாலை சூட்டுகின்றன. மிகுதியாக ஓட்டம் எடுத்த அணி கிரிக்கெட்டில் வெல்கிறது. மிகுதியாகப் புள்ளி ஈட்டிய அணி கபடியில் வெல்கிறது. எண்ணைக் குறைத்துக் காட்டுவோர்க்கு வெற்றி தரும் விளையாட்டு ஒன்றும் உலகில் உண்டு. அதுவே கோல்ஃப். எத்தனை அடியில் பந்தைக் குழிக்குள் சேர்த்தோம் என்பதே அதில் கணக்கு. அடி குறையக் குறைய ஆட்டக்காரர் உயர்கிறார்.

திண்டுக்கல் சமவெளியில் வாழும் நமக்கும் கோல்ஃபுக்கும் என்ன தொடர்பு என்று மாணவச் செல்வங்கள் வினவக்கூடும். வானம் தெளிந்த காலைப்பொழுதில் மேற்கே நீல வரியாகத் தெரியும் பழனி மலைத்தொடரை நாம் நாள்தோறும் காண்கிறோம். அம்மலைமேல், நம் மாவட்டத்துக் கொடைக்கானலில், 1895ஆம் ஆண்டு முதல் கோல்ஃப் சங்கம் இயங்கி வருகிறது. வெயிலுக்கு அஞ்சி மலையேறிய ஆங்கிலேயர் விட்டுச்சென்ற ஆட்டம் அது. ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில், மூடுபனியும் காட்டெருமைகளும் வந்து போகும் புல்வெளியில் இன்றும் ஆடப்பெறுகிறது. செல்வர் ஆட்டம் என்று நாம் அதனை ஒதுக்கிவிடலாம். ஆயினும் அதனுள் பொதிந்திருக்கும் பாடம் செல்வர்க்கு மட்டும் உரியதன்று.

நாம் அப்பாடத்தைக் கற்றது ஆடுகளத்தில் அன்று. நம் மாணவர் ஒருவரின் தந்தையிடம். இளமையில் மலையில் ஆட்டக்காரர்களின் கோல் பையைச் சுமந்து உடன் நடந்தவர் அவர். பின்னாளில் மலையிறங்கி வத்தலக்குண்டுப் பக்கம் குடியேறினார். மகனைச் சேர்க்கத் துறைக்கு வந்தவர், பேச்சினிடையே, "வாத்தியாரையா, பெரிய குச்சியைப் பிடிச்சவன் கைத்தட்டல் வாங்குவான், சின்னக் குச்சியைப் பிடிச்சவன் கோப்பை வாங்குவான்" என்றார். "அது எப்படி அண்ணே?" என்று கேட்டோம். அவர் விளக்கியதும், அதன்பின் நாம் தேடிப் படித்ததுமே இக்கட்டுரைக்கு அடிப்படை.

ஆட்டத்தின் கணக்கு

முழு ஆட்டத்திற்கு 18 குழிகள். ஒவ்வொரு குழியின் விட்டமும் நாலேகால் அங்குலமே. தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவர் இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு குழிக்கும் ஓர் அளவு வகுக்கப்பட்டிருக்கும். அதற்குப் 'பார்' என்று பெயர். குறுந்தொலைவுக்கு 3, இடைத்தொலைவுக்கு 4, நெடுந்தொலைவுக்கு 5. முழு நீளக் களங்கள் பலவற்றில் இவற்றின் கூட்டுத்தொகை 72 ஆகும்.

இந்த 72இல் ஒரு நுட்பம் உண்டு. குழியைச் சூழ்ந்த வழுவழுப்பான புல்தளத்தில் பந்தை உருட்டுவதற்கு ஒவ்வொரு குழிக்கும் இரண்டு அடி எனக் கொண்டே பார் வகுக்கப்படுகிறது. ஆக, 36 அடி உருட்டலுக்கே உரியவை. சரிபாதி! 250 கெஜம் பறக்கும் அடியும் ஒன்றே. முழ நீளம் உருளும் அடியும் ஒன்றே. ஆயினும் புதிதாகக் கற்போர் பலர் பயிற்சி நேரத்தை எல்லாம் நெட்டடிக்கே செலவிடுகின்றனர். உருட்டலைப் பயில்வதில்லை, அதனைப் பார்ப்போரும் கைத்தட்டுவதில்லை அல்லவா? அந்த அண்ணன் சொன்ன 'சின்னக் குச்சி' இதுவே.

வள்ளுவர் வகுத்த வரிசை

ஓர் ஆட்டக்காரர் தம்முடன் 14 கோல்கள் வரை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வோர் அடிக்கும் முன்னர் எதை எடுப்பது என்று அவர் எண்ணியாக வேண்டும். காற்று எத்திசையில் வீசுகிறது? தரை மேடா, பள்ளமா? மணற்குழி எங்குள்ளது? இன்று தம் கை எத்தொலைவு தாங்கும்? மலைமேல் காற்று மெலிந்திருத்தலால் சமவெளியைவிடப் பந்து தொலைவாகப் பறக்கும்; அதனையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

இவற்றைப் படித்தபோது நமக்குத் திருக்குறள் பொருட்பாலின் அதிகார வரிசையே நினைவுக்கு வந்தது. 47ஆவது அதிகாரம் தெரிந்து செயல்வகை, 48 வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். செயலை ஆராய்தல், தன் ஆற்றலை அளத்தல், உரிய பொழுதை நோக்குதல், நிற்கும் இடத்தை உணர்தல் என்னும் நான்கும் அடுத்தடுத்து நிற்கின்றன. அரசனுக்குச் சொல்லப்பட்ட அவ்வரிசை ஆட்டக்காரனுக்கும் உழவனுக்கும் பொருந்துகிறது. வேடசந்தூர்ப் பக்கத்துக் கிணற்றுப் பாசன உழவர், கிணற்றில் எத்தனை அடி நீர் நிற்கிறது என்று எட்டிப் பார்த்த பின்னரே எத்தனை சென்ட் நிலத்தில் தக்காளி நடுவது என முடிவு செய்கிறார். நிலம் இருக்கிறதே என்று முழுவதிலும் நட்டால், நீர் வற்றும் மாதத்தில் முழுவதும் கருகும். வலியறிதல் என்பது இதுவன்றி வேறென்ன?

இரு இறுதி நாள்கள்

திட்டமும் நிதானமும் என்ன செய்யும் என்பதற்குப் பிரிட்டனின் ஓப்பன் போட்டி வரலாற்றிலிருந்து இரு காட்சிகள்.

1987ஆம் ஆண்டு, மியூர்ஃபீல்டு களம். இறுதி நாளில் ஆங்கிலேயர் நிக் ஃபால்டோ 18 குழிகளையும் பார் அளவிலேயே முடித்தார். ஒன்றிலும் ஓர் அடி குறையவுமில்லை. ஓர் அடி கூடவுமில்லை. பார்ப்போர்க்குச் சலிப்பூட்டும் ஆட்டம் என்றுகூடச் சொல்லலாம். முன்னணியில் நின்ற அமெரிக்கர் பால் அசிங்கர் கடைசி இரு குழிகளிலும் ஓரோர் அடியை இழந்தார். ஒரே ஓர் அடி வேறுபாட்டில் ஃபால்டோ வாகை சூடினார்.

1999ஆம் ஆண்டு, கார்னூஸ்டி களம். பிரெஞ்சுக்காரர் ஜான் வான் டி வெல்டு கடைசிக் குழிக்கு வந்தபோது மூன்று அடிகள் முன்னிலையில் இருந்தார். பார் 4 உடைய அக்குழியை 6 அடியில் முடித்தாலும் வெற்றி அவருடையதே. சிறு கோல்களால் மெல்ல மெல்ல நகர்த்தியிருக்கலாம். அவரோ பெரிய கோலை எடுத்தார். பந்து வழி விலகிற்று; அடுத்த அடி பார்வையாளர் மேடையில் பட்டுத் தெறித்தது; அதற்கடுத்தது ஓடைநீரில் வீழ்ந்தது. 7 அடியில் முடித்துச் சமநிலைக்கு வந்தார். கூடுதல் ஆட்டத்தில் ஸ்காட்லாந்தின் பால் லாரி வென்றார்.

இருவருள் ஆற்றலில் உயர்ந்தவர் யார் என்பதன்று நம் ஆராய்ச்சி. தேவைக்கு மேல் ஒன்றையும் நாடாதவர் ஒருவர். தேவையை அளந்து பாராதவர் மற்றொருவர். முன்னிலையில் நிற்கும்போது அடக்கம் வேண்டும் என்பதனைக் கார்னூஸ்டியின் ஓடை இன்றும் சொல்லிக்கொண்டே ஓடுகிறது.

புல்வெளி ஓரத்துப் பிள்ளைகள்

இந்தியக் கோல்ஃப் வரலாற்றில் நம் நெஞ்சைத் தொடுவது வேறொரு செய்தி. 1991ஆம் ஆண்டு இந்திய ஓப்பன் போட்டியை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், டெல்லியில் பிறர் கோல் பையைச் சுமந்து வளர்ந்தவர். 1993ஆம் ஆண்டில் மீண்டும் அக்கோப்பையை வென்றார். எஸ்.எஸ்.பி. சௌராசியா, கொல்கத்தாவின் ராயல் கல்கத்தா கோல்ஃப் சங்கத்தில் புல்தளம் பேணிய பணியாளரின் மைந்தர். நெட்டடியில் அவர் புகழ் பெற்றவர் அல்லர். குழியை நெருங்கிய பின் ஆடும் நுண்ணாட்டமே அவர் செல்வம். அதனைக் கொண்டே 2016, 2017 ஆகிய இரு ஆண்டுகளிலும் இந்திய ஓப்பனைத் தொடர்ந்து வென்றார்.

பெங்களூரு மங்கை அதிதி அசோக், டோக்கியோ ஒலிம்பிக்கில் தம்மினும் தொலைவாக அடிக்கும் உலக வீராங்கனையரோடு மோதி நான்காம் இடம் பெற்றார். 2021இல் நடந்த அப்போட்டியில் பதக்கத்துக்கும் அவருக்கும் இடையே நின்றது ஓர் அடி. அவரை அவ்வளவு உயரத்துக்குக் கொண்டு சென்றதும் உருட்டலில் அவருக்கிருந்த தேர்ச்சியே. பிறப்பாலும் உடல் வலியாலும் கிட்டாதவற்றை இடைவிடாப் பயிற்சி ஈட்டித் தரும் என்பதற்கு இம்மூவரும் சான்று.

பதினெட்டு நாள் ஆட்டம்

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். நம் துறையில் பயின்ற மாணவி ஒருவர், குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதற்பெண். இலக்கணத் தாளில் முன்பருவத்தில் தவறியிருந்தார். "இந்தத் தடவை எல்லாத் தாளும் தேறலேன்னா படிப்பு போதும்" என்று அவர்தம் அத்தா முடிவாகச் சொல்லிவிட்டார். அச்சத்தால் அவர் இராப்பகலாக இலக்கணத்தையே படித்தார். ஏனைய ஐந்து தாள்களும் கைவிடப்பட்டன. ஒரு தாளை வெல்லப் புகுந்து ஐந்தைத் தோற்கும் நிலை! "ஐயா, எனக்கு எதுவுமே நிக்கல" என்று கண் கலங்கி நின்றார்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. வெள்ளிக்கிழமைகள் நீங்கலாக 18 நாள்கள். ஒரு தாளில் 18 கட்டங்கள் வரைந்தோம். ஒவ்வொரு நாளுக்கும் இத்தனை பக்கம், இத்தனை நூற்பா என்று அவரால் இயலும் அளவையே எழுதினோம். இலக்கணத்துக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம். அதற்கு மேல் இல்லை. அதில் தேர்ச்சி போதும், முதன்மை வேண்டா. மற்ற தாள்களில் மதிப்பெண் குறையலாகாது. ஒரு நாள் தவறினால் மறுநாள் இருமடங்கு படிக்க முயலக் கூடாது. அன்றைய அளவை மட்டும் முடிக்க வேண்டும். இவ்வளவே திட்டம்.

உறவினர் திருமணத்தால் ஒரு நாள் முழுவதும் போயிற்று. அக்கட்டத்தில் அவர் சுழியம் என்றே எழுதியிருந்தார், மறைக்கவில்லை. எஞ்சிய 17 நாள்களும் நிறைந்தன. முடிவு வந்தபோது இலக்கணத்தில் எல்லையைத் தொட்டுத் தேறியிருந்தார், பிறவற்றில் நன்மதிப்பெண். சில நாள் கழித்து அவர்தம் அத்தா துறைக்கு வந்தார். வாயிலிலேயே நின்று, "படிக்கட்டும் வாத்தியாரே, அடுத்த வருசமும் படிக்கட்டும்" என்று மட்டும் சொல்லித் திரும்பினார். அம்மாணவி இன்று கல்வியியல் பயில்கிறார்.

கோல்ஃபில் 'ஹேண்டிகேப்' என்றொரு முறை உண்டு. ஆட்டக்காரரின் முந்தைய ஆட்டங்களைக் கொண்டு அவருக்கு இத்தனை அடி சலுகை என்று கணித்து, வலியாரும் மெலியாரும் ஒரே களத்தில் நேர்மையாகப் போட்டியிட வழி செய்வது அது. அச்சலுகை எண் குறைந்துகொண்டே வருதல் வளர்ச்சியின் அடையாளம். அண்டை வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணோடு தம் பிள்ளையை ஒப்பிடும் பெற்றோர் இம்முறையை எண்ணிப் பார்க்க வேண்டும். நேற்றைய தன்னோடு இன்றைய தன்னை ஒப்பிடுவதே வளர்ச்சியை அளக்கும் கோல்.

எவரும் காணாத கணக்கு

கோல்ஃபில் ஆட்டக்காரர் ஒவ்வொருவர் பின்னும் நடுவர் செல்வதில்லை. கணக்கட்டையில் கையொப்பமிட்டு உறுதி கூறும் பொறுப்பு ஆட்டக்காரருடையது. 1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பனில், தம் பந்து புல்லிடையே சற்றே அசைந்தது என்று பாபி ஜோன்ஸ் தாமே அறிவித்து ஓர் அடி தண்டம் ஏற்றார். வேறெவரும் அதனைக் கண்டிலர். அவ்வோர் அடியால் முடிவு சமநிலைக்கு வந்தது. கூடுதல் ஆட்டத்தில் தோற்றார். வென்றவரைவிட அவரையே உலகம் இன்றும் பேசுகிறது. 1968ஆம் ஆண்டு மாஸ்டர்ஸ் போட்டியிலோ, 17ஆம் குழியில் தாம் எடுத்த 3 அடியை உடன் ஆடியவர் 4 என எழுதியிருக்க, அர்ஜெண்டினாவின் ரொபர்த்தோ தெ விசென்சோ சரிபாராமல் கையொப்பமிட்டார். எழுதியதே நிலைத்தது, ஓர் அடியில் வெற்றி வாய்ப்பு நழுவிற்று. நேர்மையோடு கவனமும் வேண்டும் என்பது இவ்விரண்டாலும் விளங்கும்.

நம் அத்தா தோல் மண்டியில் கணக்கெழுதியவர். அன்றைய வரவு செலவை அன்றிரவே எழுதி முடிக்காமல் உறங்கச் செல்லமாட்டார். "நாளைக்கு எழுதுற கணக்குல நினைப்பு கலந்துடும்" என்பார். தன் ஆட்டத்தைச் சீர்திருத்த விரும்புபவனுக்கு இதனினும் சிறந்த அறிவுரை இல்லை. எந்த அடி எங்கே தவறிற்று என்று அன்றன்றே எழுதுபவனே எதைப் பயில்வது என்று அறிவான்.

திண்டுக்கல் பூட்டு 2019ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. அதனுள் அமைந்த நெம்புகோல்களைக் கைவினைஞர் ஒவ்வொன்றாக அராவிப் பொருத்துகின்றனர். ஒன்றை மட்டும் பளபளப்பாக்கிப் பிறவற்றை விட்டால் பூட்டுத் திறவாது. எல்லாம் ஒரே சீராக அமைந்தால்தான் சாவி திரும்பும். வாழ்வும் அவ்வாறே.

மாணவச் செல்வங்களே! தொடங்குமுன் உங்கள் ஆற்றலை அளந்து கொள்ளுங்கள். நாளொன்றுக்கு இயலும் அளவை வகுத்து, அதனை நாள்தோறும் முடியுங்கள். கைத்தட்டல் கிடைக்காத சிறு பயிற்சிகளுக்கு மிகுதியான நேரம் கொடுங்கள். ஒரு தவற்றை மற்றொரு துணிச்சலால் ஈடுகட்ட முயலாதீர்கள். முன்னிலையில் நிற்கும்போது மேலும் நிதானம் கொள்ளுங்கள். உங்கள் கணக்கை நீங்களே உண்மையாக எழுதுங்கள். வீண் அடிகள் குறையட்டும், வெற்றிகள் நிறையட்டும்!