மலை அணில்கள் இரண்டு

சங்ககிரிக் கோட்டை மலையில் ஏறுவோருக்கு முதுகில் மூன்று கோடுடைய சிற்றணில்கள் வழித்துணை. "எல்லா ஊர் அணிலும் இவ்வளவுதானா, அத்தா?" என்று என் மகள் கேட்டாள். அதற்கு விடையாக இரு பயணங்கள் வாய்த்தன.

முதற்பயணம் பொள்ளாச்சிக்கு மேலுள்ள டாப்சிலிப். அங்கே உயர்ந்த மரமொன்றில் மலபார் மலை அணிலைக் கண்டோம். கருஞ்சிவப்பும் கருமையும் கலந்த முதுகு, வெளிர்மஞ்சள் வயிறு, தலை முதல் வால் நுனி வரை ஏறக்குறைய மூன்றடி. மகள் வாயடைத்து நின்றாள்.

அடுத்த முறை சுபுஹுத் தொழுகை முடித்துப் புறப்பட்டு, எடப்பாடி, மேட்டூர் வழியே ஒகேனக்கல் சென்றோம். காவிரிக்கரை நீர்மருத மரத்தில் இருந்தது அதன் உறவான சாம்பல்நிற மலை அணில். உருவில் சற்றுச் சிறியது. பழுப்புச் சாம்பல் உரோமங்களின் நுனி வெளுத்திருப்பதால் நரைத்த முதியவர்போல் தோன்றும். நரை அணில் என்பதும் அதன் பெயரே.

இரண்டும் கிளைக்கவட்டில் இலையும் சுள்ளியும் கொண்டு உருண்டைக் கூடு கட்டும். பழம், விதை, தளிர், மரப்பட்டை ஆகியன உணவு. ஏறத்தாழ இருபதடி தாவும். தரையில் இறங்குவது அரிது.

வேறுபாடு வாழிடத்தில்தான் பெரிது. மலபார் அணில் இந்தியாவுக்கே உரியது. மேற்குத் தொடர்ச்சி மலை முதல் நடு இந்தியக் காடுகள் வரை உண்டு. மகாராஷ்டிரத்தின் மாநில விலங்கும் அதுவே. நரை அணிலோ தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்கிறது. அதற்கெனத் திருவில்லிபுத்தூரில் 1988இல் சரணாலயம் அமைந்தது. 2021இல் அது புலிகள் காப்பகத்துள் சேர்ந்தது. வறண்ட நிலத்தில் ஆற்றோர மரங்களே அதன் வீடும் வீதியும். வரிசையில் ஒரு மரம் வீழ்ந்தால் பாதை அறுந்துபோகும். தரையிறங்கும் அணிலுக்கு நாயும் நரியும் காத்திருக்கும்.

இதைக் கேட்டு வந்த மகள் வழியெல்லாம் பேசவில்லை. எங்கள் கொல்லையில் வேம்பும் புளியும் கிளை கோத்து நிற்கின்றன. கடை கட்டும் எண்ணத்தில் புளியை விலைபேசி முன்பணமும் வாங்கியிருந்தேன். "நம் வீட்டு அணில்களுக்கும் அதுதானே வழி, அத்தா?" என்று இரவில் மெல்லக் கேட்டாள்.

மறுநாள் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடை இன்னும் கட்டவில்லை. புளி இவ்வாண்டும் காய்த்திருக்கிறது.