ரம்புக்கனைக்கு வந்த கனடா எஞ்சின்

ரம்புக்கனைக்குப் போகிறோம் என்று சொன்னால் நண்பர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "யானை பார்க்கவா?" அருகிலுள்ள பின்னவலையில் 1975ஆம் ஆண்டு யானைகளின் சரணாலயம் அமைந்த நாள் முதலாக, அவ்விடத்துக்கு வழிவிடுவதே ரம்புக்கனை நிலையத்தின் தொழில் என்று பலரும் எண்ணிவிட்டார்கள். நாம் யானை பார்க்கப் போகவில்லை. ஒரு பொம்மை எஞ்சினைப் பார்க்கப் போனோம். இதைச் சொன்னபோது நண்பர்கள் எம்மைப் பார்த்த பார்வையை இங்கே வர்ணிக்க வேண்டியதில்லை.

கொழும்புக் கோட்டையிலிருந்து ஐம்பது மைலுக்குச் சற்று அதிகமான தூரம். பொல்காவலைச் சந்தியைத் தாண்டும் வரை தென்னந்தோப்பும் வயல்வெளியும்தான். பிறகு திடீரென்று அலகல்ல மலை எழுந்து நின்று வழியை மறிக்கிறது. அம்மலையின் காலடியில் கிடக்கிறது ரம்புக்கனை. இரட்டைப் பாதை இங்கே முடிந்து, மேலே ஒற்றைப் பாதையாகி விடுகிறது. மலைக்கு ஏறும் வண்டியின் சாரதி, பாதை தமக்கே உரியது என்பதற்கு அடையாளமான வட்டத் தகட்டை இங்கே வாங்கிக்கொண்டுதான் புறப்பட வேண்டும். நீராவிக் காலத்தில் ஒவ்வொரு வண்டியின் பின்னாலும் இன்னோர் எஞ்சினை இங்கே பூட்டித் தள்ளி ஏற்றினார்கள். அதற்கான எஞ்சின்களும், அவற்றுக்குக் கரி போடுவோரும், தண்டவாளம் பார்ப்போருமாக ஒரு சிறு உலகமே இந்த நிலையத்தைச் சுற்றி வாழ்ந்தது.

மேலே ஏறும் பாதையின் பெருமையைச் சிறிது சொல்ல வேண்டும். பிரதம பொறியியலாளர் மோல்ஸ்வேர்த்தின் மேற்பார்வையில், ஃபாவியெல் என்ற ஒப்பந்தகாரர் 1863ஆம் ஆண்டு வேலையைத் தொடங்கினார். 1867இல் வண்டி கண்டியை அடைந்தது. ரம்புக்கனைக்கும் கடுகண்ணாவைக்கும் இடையே சுமார் 12 மைலில் 1400 அடி உயர்கிறது பாதை. அதாவது 45 அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏற வேண்டும். நடப்பவனுக்கு இஃது ஒரு மேடே அல்ல. இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் உருளும்போதோ இது பெரிய சோதனை. மழை நாளில் சக்கரம் வழுக்கும்; எஞ்சின் மணல் தூவிக்கொண்டே ஏறும்.

எம் பெரியப்பா இந்தப் பாதையில் முப்பது வருடங்களுக்கு மேல் தண்டவாள வேலை செய்தவர். கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, இளவயதிலேயே புகையிரதப் பகுதியில் சேர்ந்தவர். இப்போது நிலையத்துக்கு அருகே, மகள் வீட்டில் இருக்கிறார். கண் பார்வை மிக மங்கிவிட்டது. காது மட்டும் இளைஞரைத் தோற்கடிக்கும்.

அவருடைய மூத்த மகன் ரொறன்ரோவிலிருந்து தன் மருமகனுக்கு அனுப்பியதுதான் அந்தப் பொம்மை. வீட்டு முற்றத்தில் ஓடக்கூடிய பெரிய ரகம். அமெரிக்கப் பாணி டீசல் எஞ்சின். பளபளக்கும் மஞ்சளும் சிவப்பும். பையன் உயர்தர வகுப்பு மாணவன், கணிதத்தில் கெட்டிக்காரன். வாழை மரங்களுக்கு நடுவே பாதை போட்டு ஓடவிட்டு, தாத்தாவைக் கையைப் பிடித்து அழைத்து வந்தான். பெரியப்பா குனிந்து தடவிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது நம்ம கோச்சி இல்லேடா தம்பி" என்றார்.

அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் தொடங்கியது. நம்ம கோச்சியாகவே இதை மாற்றிவிடுவது என்று பையன் தீர்மானித்தான். எமக்கும் கடிதம் எழுதினான். மரவேலையிலும் தகரவேலையிலும் எமக்குள்ள பித்து குடும்பத்தில் பிரசித்தம்.

முதற் கேள்வி, எந்த எஞ்சினாக மாற்றுவது? இதற்கு விடை அஞ்சற் பொதியின் மீதே எழுதியிருந்தது. 1954ஆம் ஆண்டு, கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா நாடு இலங்கைக்கு டீசல் எஞ்சின்களைக் கொடுத்தது. எம்-2 என்பது அவற்றின் வகுப்பு. ஒன்ராறியோ, அல்பேர்ட்டா என்று கனடாவின் மாகாணங்களையே அவற்றுக்குப் பெயராகச் சூட்டினார்கள். நீராவியின் காலத்தை இந்நாட்டில் முடித்துவைத்தவற்றுள் இவை முக்கியமானவை. ஐம்பது வருடங்களைத் தாண்டியும் உழைத்தவை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி பெரலியவில் கடல் கொண்ட வண்டியை இழுத்துச் சென்றதும் இவ்வினத்தைச் சேர்ந்த 'மனிற்றோபா'தான். அதைத் திருத்தி மறுபடியும் ஓடவிட்டார்கள். ஒன்ராறியோவிலிருந்து வந்த பொம்மையை 'கனடா எஞ்சின்' ஆக்குவதைவிடப் பொருத்தம் வேறென்ன?

இரண்டாவது கேள்வி அளவைப் பற்றியது. பொம்மைக்கும் மாதிரிக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் இருக்கிறது. முற்றத்துப் புகையிரதங்களின் பாதை பெரும்பாலும் 45 மில்லிமீற்றர் அகலம். 1968இல் நியூரன்பர்க் நகரத்து லேமன் நிறுவனம் இவ்வகையைப் பரப்பியபோது, ஒரு மீற்றர் அகலமுள்ள மலைப் பாதைகளை மனத்திற் கொண்டு, இருபத்திரண்டரையில் ஒரு பங்காகப் பெட்டிகளைச் செய்தது. கணக்கு ஒத்துவந்தது. நம் நாட்டுப் பாதையோ ஐந்தரை அடி, அதாவது 1676 மில்லிமீற்றர். அதை 45ஆல் வகுத்தால் 37 வருகிறது. ஆகவே இந்தத் தண்டவாளத்தில் நம்ம கோச்சி ஓட வேண்டுமானால், அதன் ஒவ்வோர் உறுப்பும் முப்பத்தேழில் ஒரு பங்காக இருத்தல் வேண்டும்.

பையன் அளவுகோலை எடுத்தான். பொம்மையின் பொய்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. உள்ளே உட்கார்ந்திருந்த சாரதியின் உயரம் 6 சென்ரிமீற்றர். முப்பத்தேழால் பெருக்கினால் ஏழேகால் அடி! அவரை அன்றே வேலையிலிருந்து நீக்கினோம். ஏறுவதற்கான கைப்பிடிக் கம்பியின் பருமன் இரண்டரை மில்லிமீற்றர். பெருக்கினால் ஒன்பது சென்ரிமீற்றருக்கு மேல். அதைப் பிடித்து ஏறத் துதிக்கை வேண்டும். பின்னவலையிலிருந்துதான் சாரதியைத் தருவிக்க வேண்டும். சக்கரத்தின் விளிம்பும் அப்படியே. உண்மையில் ஓர் அங்குலத்துக்குச் சற்று அதிகமாக இருக்க வேண்டியது, இங்கே நாலு அங்குலமாக நின்றது. அதை மட்டும் மன்னித்தோம். முற்றத்துப் பாதையில் மாவிலையும் மண்கட்டியும் கிடக்கும். விளிம்பை அராவிவிட்டால் எஞ்சின் வாழையடியில் கவிழ்ந்து கிடக்கும். ஓடாத உண்மையைவிட ஓடுகிற சிறு பொய் மேல் என்று அப்போது எமக்குத் தோன்றியது.

உண்மையான அளவுகளுக்கு நிலையத்துக்கே போனோம். நிலைய அதிபரிடம் அனுமதி பெற்று, சல்லிக்கல் வண்டியோடு ஒதுங்கி நின்ற கனடா எஞ்சின் ஒன்றை மேடையிலிருந்தபடியே நேர் எதிரிலும் பக்கவாட்டிலும் படம் எடுத்தோம். தண்டவாளத்தில் இறங்கி அளக்கக் கூடாது, தேவையுமில்லை. படத்தில் இரு தண்டவாளங்களுக்கும் இடையிலுள்ள தூரம் 1676 மில்லிமீற்றர் என்பது தெரியும். அதையே அளவுகோலாகக் கொண்டால் கதவு, சன்னல், விளக்கு எல்லாவற்றையும் கணக்கிட்டுவிடலாம். மாணவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். விகிதக் கணக்கு ஒருபோதும் மறக்காது.

பிறகு மூன்று மாதம் வேலை. மோட்டாரையும் சக்கரங்களையும் வைத்துக்கொண்டு, உடல் முழுவதையும் கழற்றி எறிந்தோம். பிளாஸ்டிக் தகட்டை வெட்டிப் புதிய உடல் செய்தோம். சட்டைப் பெட்டியின் மூடி சன்னற் கண்ணாடியாயிற்று. கைப்பிடிகளுக்கு ஒரு மில்லிமீற்றருக்கும் மெல்லிய பித்தளைக் கம்பி. பொம்மையின் பெரிய கொக்கியைக் கழற்றிவிட்டு, இரு பக்கமும் இடிதாங்கிகளும் நடுவில் சங்கிலியும் வைத்தோம். நிறத்தைப் பற்றி ஊரில் மூன்று பழைய ஊழியர்களைக் கேட்டோம். மூவரும் மூன்று நிறம் சொன்னார்கள், மூவரும் சத்தியம் செய்யவும் தயாராக இருந்தார்கள். அந்தந்தக் காலத்தில் அவர்கள் கண்ட நிறமாக அவை இருக்கலாம். எதைப் பூசினாலும் மேலே புகையும் துருவும் படிந்த தோற்றம்தான் முக்கியம் என்று சமாதானம் செய்துகொண்டு, கரித்தூளையும் செங்கற்பொடியையும் தேய்த்தோம். பளபளப்பு போனவுடனே பொம்மையின் முகமே மாறிவிட்டது.

ஒன்றை மட்டும் ஒளித்தோம். கனடா எஞ்சினுக்கு முன்னும் பின்னும் உள்ள சக்கரத் தொகுதி ஒவ்வொன்றிலும் மூன்று அச்சுகள். பொம்மைக்கோ இரண்டிரண்டு. மூன்று அச்சுகள் இருப்பதுபோல் பக்கத் தகட்டை மட்டும் செய்து மறைத்துவிட்டோம். யார் குனிந்து எண்ணப் போகிறார்கள்?

பெரியப்பாவை அழைத்து வந்து பிரம்பு நாற்காலியில் உட்கார வைத்தோம். எஞ்சின் மெதுவாக அவரைக் கடந்து சென்றது. பையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். "தட்டு தப்பு" என்றார் பெரியப்பா.

எமக்கு விளங்கவில்லை. "ரெண்டு ரெண்டாத் தட்டுது. கனடா எஞ்சின் மூணு மூணாத்தான் தட்டும்" என்றார். தண்டவாளத் துண்டுகள் சேரும் இடைவெளியைச் சக்கரம் தாண்டும்போது எழும் ஓசையைத்தான் சொன்னார். கண்ணை ஏமாற்றச் செய்த தகடு காதிடம் பலிக்கவில்லை.

அன்று மாலை அவராகவே சொன்னார். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 525,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும், 300,000 பேர் இங்கே பிரஜைகளாக வேண்டும் என்று இரு அரசாங்கங்களும் எண்ணிப் பிரித்துக்கொண்டன. எம் குடும்பமும் அந்த எண்ணிக்கையிற் பிரிந்தது. எம் அத்தை, அதாவது பெரியப்பாவின் தங்கை, கணவனோடும் பிள்ளைகளோடும் 1973இல் ரம்புக்கனையிலேதான் வண்டி ஏறினார். பொல்காவலையில் இறங்கி, தலைமன்னார் வண்டி பிடித்து, அங்கிருந்து கப்பல். அன்று பெரியப்பாவுக்கு விடுமுறை கிடைக்கவில்லை. நிலையத்துக்கு அப்பால், பாதையோரத்தில் கூட்டாளிகளோடு வேலையில் நின்றார். பொழுது சாய்ந்த வேளையில் வண்டி கடந்தது. சன்னல்களெல்லாம் தலைகள், எது தங்கை என்று தெரியவில்லை. "முன்னால கனடா எஞ்சின். மூணு, மூணு. அப்புறம் பொட்டிங்க. அது போற வரைக்கும் கேட்டுக்கிட்டு நின்னேன்" என்றார். அத்தை திரும்பி வரவில்லை. கூடலூர்ப் பக்கமிருந்து சில வருடங்கள் கடிதம் வந்தது.

மறுநாள் பையனும் நாமும் கடுகண்ணாவை வரை வண்டியில் போய் வந்தோம். 2014இல் அங்கே திறந்த புகையிரத நூதனசாலையைப் பார்க்க என்பது பெயர். வழி முழுவதும் கதவோரத்தில் நின்று சக்கரங்களைக் கேட்டுக்கொண்டே வந்தோம். பலனவுக்கருகே பாதாளம் வாய் திறந்து கிடந்ததையும், அப்பால் மலைகள் நீலமாக அடுக்கியிருந்ததையும் பையன் பார்த்தானோ என்னவோ.

நடு அச்சைச் சேர்ப்பதில் ஓர் ஆறுதல் இருந்தது. உண்மையான எஞ்சினிலும் நடு அச்சுக்கு மோட்டார் கிடையாது. பாரத்தைப் பங்கிடுவது மட்டுமே அதன் வேலை. ஆகவே நாம் சேர்ப்பது போலியாகாது. ஆனால் வேலை சுலபமாக இல்லை. முதலில் இறுக்கமாகப் பொருத்தினோம். நடுச் சக்கரம் உடலைத் தூக்கிவிட, ஓட்டும் சக்கரங்கள் காற்றில் சுழன்றன. தளர்த்தினோம், ஓசையே எழவில்லை. வளைவில் முட்டிக்கொண்டு நின்றது வேறு. முடிவில், அச்சு மேலும் கீழும் அசைய நீள் துளையிட்டு, பேனாவின் சுருள்வில்லை வெட்டி மேலே வைத்து, வளைவுக்காக இரு பக்கமும் மூன்று மில்லிமீற்றர் விலக இடம் விட்டோம். எஞ்சினின் வயிற்றில் மீன்பிடி ஈயக்குண்டுகளை நிரப்பினோம். ஒன்பது மீற்றர் நீளத்துக்கு இருபது சென்ரிமீற்றர் ஏறும்படி, அதாவது கடுகண்ணாவை ஏற்றத்தின் சரிவிலேயே, பாதையையும் திருத்தினோம். முழு ஏற்றத்தையும் இதே அளவில் அமைக்க வேண்டுமாயின் அரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட பாதையும் பதினொரு மீற்றருக்கு மேற்பட்ட உயரமும் வேண்டும். பெரியம்மாவின் வாழைகள் தப்பின.

பெயர்ப் பலகை மட்டும் மிஞ்சியது. பையன் 'மனிற்றோபா' என்று எழுத ஆசைப்பட்டான். பெரியப்பா சம்மதிக்கவில்லை. "அன்னிக்கு வந்த எஞ்சினோட நம்பரை நான் பார்க்கல்ல. பார்க்காததை எழுதக் கூடாது" என்றார். பலகை வெறுமையாகவே இருக்கிறது.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை மறுபடியும் நாற்காலி போட்டோம். எஞ்சின் வாழை மறைவிலிருந்து புறப்பட்டு இறக்கத்தில் வந்தது. தட்-தட்-தட்; சிறு இடைவெளி; தட்-தட்-தட். பெரியப்பா கையை நீட்டி எல்லாரையும் பேசாதிருக்கச் சொன்னார். அது வளைவைத் தாண்டிச் சுவரோரம் போய் நிற்கும் வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சரி" என்றார். சற்றுப் பொறுத்து, "பொட்டிங்க எங்கே?" என்று கேட்டார்.

பெட்டிகளை நாம் நினைக்கவே இல்லை. பையன் உள்ளே ஓடிக் காகிதமும் பென்சிலும் எடுத்து வந்து அவர் காலடியில் உட்கார்ந்தான். அன்று எத்தனை பெட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை சன்னல் என்று பெரியப்பா சொல்லத் தொடங்கினார்.