வாசலில் ஒரு குழாய்



சென்ற மாதம் சேலையூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் சென்றிருந்தேன். புதிதாக நிறுவிய குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்காக ஜெபிக்க அழைத்திருந்தார்கள். தாம்பரத்தைச் சுற்றி வாழ்வோருக்கு இதன் அருமை தெரியும். 2019ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அது நகரத்துக்கு. நாங்களோ லாரிக்காரரின் அழைப்புக்காகக் காத்திருந்தோம்.

செயலாளர் என்னை அடித்தளத்துக்கு அழைத்துச் சென்றார். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 1,800 மில்லிகிராம் என்று கருவி காட்டியது. இந்தியத் தர நிர்ணயம் விரும்பத்தக்கதாகச் சொல்லும் அளவு 500. அந்நீர் மணலையும் கரியையும் கடந்து, மிகுந்த அழுத்தத்தோடு சவ்வுக்குள் புகுகிறது. இத்தகைய சவ்வை 1960ஐ ஒட்டி அமெரிக்காவில் சிட்னி லோபுடன் சேர்ந்து உருவாக்கியவர் நம் நாட்டவரான சௌரிராஜன் என்பதைப் பலர் அறியார். பின்பு புறஊதா விளக்கு, எஃகுத் தொட்டி. அங்கிருந்து ஒவ்வொரு சமையலறைக்கும் தனிக் குழாய். தேங்கிக் கெடாதிருக்க நீர் ஓயாமல் சுற்றித் தொட்டிக்கே திரும்புகிறது. சவ்வு ஒதுக்கிய உப்பு நீர் கழிப்பறைகளுக்குப் போகிறது. நான் மனமார ஸ்தோத்திரம் செலுத்தினேன்.

திரும்புகையில் வாசலில் காவலாளியிடம் தண்ணீர் கேட்டேன். முதியவர், தம் நாற்காலியின் கீழிருந்த புட்டியை எடுத்துத் தந்தார்.

"உள்ளே இருந்து பிடித்ததா?" என்றேன்.

"இல்லைங்க ஐயா, கடையில கேன் வாங்குறோம். நானும் கூட்டுற அம்மாங்களும் காசு போட்டுக்குறோம். அந்தக் குழாய் வீடுகளுக்கு மட்டும்தான்."

மூன்று வீரர் உயிரைப் பணயம் வைத்துப் பெத்லகேமின் கிணற்றிலிருந்து கொண்டுவந்த நீரைத் தாவீது குடிக்க மனமற்று ஊற்றிவிட்டான். நானோ அப்புட்டியில் பாதியைக் குடித்துவிட்டுத்தான் கேள்வியே கேட்டிருந்தேன்.

அன்றிரவே செயலாளருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்குமேல் எழுத இயலவில்லை. நம் ஆலயத்தின் சுத்திகரிப்பு இயந்திரமும் பூட்டிய உடைமாற்றும் அறைக்குள்தானே இருக்கிறது! சாவி என்னிடமும் உபதேசியாரிடமும். ஆலயம் பெருக்கும் சகோதரி ஒன்பது ஆண்டுகளாக எங்கே தண்ணீர் குடிக்கிறார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மறுநாள் கேட்டேன். எதிர்ச்சாரி தேநீர்க் கடையில் என்றார்.

வெள்ளிக்கிழமை குழாய்த் தொழிலாளி வந்து, மதிலோரம் தெருவைப் பார்த்தபடி ஒரு குழாய் பொருத்தினார். அதன்பின் செயலாளருக்குக் கடிதத்தை முடித்து அனுப்பினேன். வருகிற ஞாயிறு மாலை குடியிருப்போர் கூட்டத்தில் அதை வாசிப்பதாகப் பதில் வந்திருக்கிறது; என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.