ஓட்டுநருக்கு ஒரு கட்டில்

வெளியூரில் அறை தேடச் செயலியைத் திறந்தால் நீச்சல் குளம், வைஃபை, காலை உணவு, உடற்பயிற்சிக் கூடம் என்று கட்டங்கள் வரிசையாக வரும். வேண்டியதைத் தொட்டால் அதற்கேற்ற விடுதிகள் மட்டும் மிஞ்சும். ஓட்டுநருக்குப் படுக்கை உண்டா என்ற கட்டத்தை நான் பார்த்ததே இல்லை.

விடுதிகளை வசதிப்படி பிரிப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒன்றிய சுற்றுலா அமைச்சகத்தின் நட்சத்திர விதிகளில் நல்ல அக்கறை தெரிகிறது. விண்ணப்பிப்பது விடுதியின் விருப்பம். குறைந்தது 10 அறைகள் இருக்க வேண்டும். ஒற்றை நட்சத்திரத்துக்கு 120 சதுர அடி அறை போதும், ஐந்து நட்சத்திரத்துக்கு 200 வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கென அறை வேண்டும் என்றும் விதி சொல்கிறது. அதைப் படித்தபோது மனம் நிறைந்தது.

ஆனால் வசதிக் கணக்கு பெரும்பாலும் சாவி வாங்குபவரோடு நின்றுவிடுகிறது. நவக்கிரகக் கோயில்களுக்கு வாடகை வண்டி பிடித்துப் போகிறோம். இரவு கும்பகோணத்தில் நாம் ஏசி அறைக்குள் போய்விடுவோம். நாளெல்லாம் ஓட்டியவர் இருக்கையைச் சாய்த்துப் படுப்பார். கண்ணாடியை ஏற்றினால் புழுக்கம், இறக்கினால் கொசு. விடிந்ததும் குளிக்க இடம் தேடி அலைவார். பேட்டா கொடுத்தாயிற்று என்று நாம் இருந்துவிடுகிறோம். மறுநாள் பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகப்போவது அந்தத் தூங்காத கண்களை நம்பித்தான்.

2023இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளைத் திருத்தி இதற்கு வழி செய்தது. விடுதிகளில் 8 கார் நிறுத்துமிடத்துக்கு ஒரு படுக்கை வீதம் ஓட்டுநர்களுக்குத் தங்கும் கூடம் வேண்டும். கழிப்பறை, குளியலறையும் வேண்டும். வளாகத்தில் இடமில்லையென்றால் 250 மீட்டருக்குள் அமைக்கலாம். கோயில் ஊர்களுக்கு எட்டுக்கு ஒன்று போதாது என்பது என் எண்ணம். அங்கே வந்து நிற்பதில் வாடகை வண்டிகளே அதிகம். ஆனாலும் சட்டப் புத்தகத்தில் ஓட்டுநரின் உறக்கத்துக்கு ஓர் இடம் கிடைத்ததே பெரிது.

இப்போதெல்லாம் அறை எடுக்கும் முன் இதைக் கேட்டுவிடுகிறேன். “டிரைவர் வண்டியிலேயே படுத்துக்குவார் சார்” என்று சொன்னால் வேறு விடுதி பார்க்கிறோம். ஒரு கட்டில், மின்விசிறி, தண்ணீர் வரும் குளியலறை இருந்தால் நட்சத்திரமே இல்லாத லாட்ஜிலும் தங்கிவிடுகிறோம்.