ராசு விட்டுட்டுப் போன சாமான்கள்



ராசு புரட்டாசியில செத்துப் போனதைப் போன பதிவுலயே எழுதிட்டேன். திரும்ப எழுத மனசில்லை. இன்னைக்கு எழுதப் போறது அவன் போனதுக்கப்புறம் வீட்டுல மிச்சம் கிடந்த சாமான்களைப் பத்தி. எதை வச்சுக்கறது, எதை விட்டுடறது, வச்சுக்கறதை எப்படி வச்சுக்கறதுன்னு எங்க வீட்டுல ஒரு மாசம் பேச்சு நடந்துச்சுங்க. டவுன்ல நாய், பூனை வளர்க்கறவங்களுக்கும் இதுல ஏதாச்சும் உதவும்னு நினைக்கறேன்.

புதுசாப் படிக்கறவங்களுக்காகச் சொல்லிடறேன். ராசு காங்கயம் மாடு. 2006 சித்திரையில கண்ணபுரம் மாட்டுச் சந்தையில ரெண்டு பல்லு போட்டிருந்தப்ப ஜோடியா வாங்கினது. கூட்டாளி பேரு வீரன். வண்டியில ராசு வலப்பக்கம், வீரன் இடப்பக்கம். பதிமூணு வருசம் எரு அடிச்சாங்க, தட்டுப் போர் இழுத்தாங்க, என் மகளோட சீர்வரிசையைக் கூட அந்த வண்டியிலதான் கொண்டு போனோம். அப்புறம் எல்லாம் டிராக்டர் ஆகிப் போச்சு. கடைசி அஞ்சு வருசம் ரெண்டு பேருக்கும் வேலை இல்லை. யாவாரிங்க வந்து கேட்டுக்கிட்டே இருந்தாங்க. ஏத்துற வண்டி எங்க போய் நிக்கும்னு எனக்குத் தெரியும். குடுக்கலை.

முதல்ல அடக்கம் பண்ணினதைச் சொல்றேன். கிணத்துக்குத் தள்ளி, கொறங்காட்டு மூலையில ஜேசிபி வச்சு ஏழடிக் குழி எடுத்தோம். கல்லுப்பு ரெண்டு மூட்டை போட்டோம். குழி எடுக்க வந்த தம்பி, "அண்ணா, கொம்பு நல்லா இருக்குது, அறுத்து எடுத்து பாலீஸ் போட்டா செவுத்துல மாட்டலாம்"னு சொன்னான். நல்ல எண்ணத்துலதான் சொன்னான். நான் பதில் சொல்றதுக்குள்ள எங்க வீட்டுக்காரம்மா, "கொம்பில்லாம அவனை எப்படீங்க அனுப்பறது?"ன்னு கேட்டுட்டாங்க. கொம்புல இருந்த பித்தளைக் குப்பி ரெண்டை மட்டும் கழட்டிக்கிட்டோம். கொம்போட போனான்.

அப்புறம் கட்டுத்தரையில கிடந்ததையெல்லாம் ஒரு சாக்குல போட்டேன். கழுத்து மணி, சலங்கைப் பட்டை, மூக்கணாங்கயிறு, தும்பு, பழைய லாடம் கொஞ்சம். சாக்கு மூணு வாரம் திண்ணையிலயே கிடந்துச்சு.

பெங்களூர்ல இருக்கற மக ஒரு படத்தைப் பெருசாப் போட்டுக் கண்ணாடிச் சட்டத்துல அனுப்பினா. படம் நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மாட்டற இடத்துல வந்துச்சு வம்பு. எங்க அப்பாரு படத்துக்குப் பக்கத்துல ஆணி அடிக்கப் போனேன். பெரியவங்க வரிசையில மாட்டை வைக்கறதான்னு எங்க அத்தை கேட்டாங்க. அப்பாரு உயிரோட இருந்திருந்தா பக்கத்துல என்ன, தனக்கு மேலயே மாட்டச் சொல்லியிருப்பாருன்னு நான் சொன்னேன். கடைசியில வாசல் நடையில மாட்டியாச்சு. மாலை போடலை, பொட்டு வைக்கலை. வர்றவங்க யாரும் அதைத் தாண்டித்தான் உள்ள வரணும்.

வெளிநாட்டுல குதிரை வளர்க்கறவங்க, குதிரை செத்தா அதோட வால் முடியைப் பின்னிக் கைக்காப்பு செஞ்சு போட்டுக்குவாங்கன்னு மாப்பிள்ளை சொன்னாரு. கேட்டதும் எனக்குப் பிடிச்சுப் போச்சு. குழியில இறக்கறதுக்கு முன்னாடி வால் குஞ்சத்துல ஒரு பிடி கத்தரிச்சு வச்சிருந்தேன். எதுக்குன்னு அப்பத் தெரியலை, கை தானா செஞ்சுச்சு. சீயக்காய் போட்டு ரெண்டு தடவை அலசி, நிழல்ல காய வச்சு, மூணு புரியாப் பின்னினேன். வெயில்ல காய வச்சா முடி உடையும், செய்யறவங்க கவனிங்க. பேரன் அதைத் தன்னோட பள்ளிக்கூடப் பையி ஜிப்புல கட்டியிருக்கான்.

லாடம் பத்திக் கொஞ்சம் சொல்லணும். குதிரைக்குக் காலுக்கு ஒரு லாடம், வளைஞ்சு இருக்கும். நிலவுல அடிச்சிருக்கறதை நீங்களும் பார்த்திருப்பீங்க. மாட்டுக்குக் குளம்பு பிளவுபட்டது, அதனால காலுக்கு ரெண்டு துண்டு, ஒரு மாட்டுக்கு எட்டு. ராசுவோட பழைய லாடத்தை எடுத்துப் பார்த்தேன். முன்னங்கால் வலது லாடம் எல்லாமே வெளி ஓரத்துல தேஞ்சிருந்துச்சு. வீரனோடது அப்படித் தேயாது. பாரம் ஏத்தி மேட்டுல ஏறும்போது ராசு உடம்பை வெளிப்பக்கமாச் சாய்ச்சு இழுப்பான். பின்னாடி உக்காந்து பதிமூணு வருசம் பார்த்தது, இரும்புல அப்படியே இருக்குது. லாடம் அடிக்கற பாய் அதைக் கையில வாங்கினதும், "இது உங்க வலத்து மாடு"ன்னு சொன்னாரு. நான் சொல்லவே இல்லை.

அன்னைக்குத்தான் எதை வச்சுக்கறதுன்னு எனக்குப் பிடிபட்டுச்சு. அவன் தேய்ச்ச சாமானை வச்சுக்கணும். புதுசாக் கிடந்த தும்பு, ஒரே பொங்கலுக்குக் கட்டின பட்டை, இதெல்லாம் பக்கத்துத் தோட்டத்துக் கன்னுக்குக் குடுத்துட்டேன். நுகத்தடியில அவன் கழுத்துப் பட்ட இடம் மழமழன்னு கண்ணாடியாட்டம் ஆகியிருக்குது. அந்த நுகத்தடிக்கு வருசத்துக்கு ஒரு தடவை வேப்பெண்ணெய் தடவினா பூச்சி அரிக்காது. லாடத்தை மண்ணெண்ணெயில ஒரு நாள் ஊற வச்சு, துரு தேய்ச்சு, விளக்கெண்ணெய் பூசி வச்சிருக்கேன். சலங்கைப் பட்டை தோலுக்கும் விளக்கெண்ணெய்தான். மணியைப் புளி போட்டு விளக்கினேன், ஆனா உள் பக்கம் கை வைக்கலை. மணி நாக்கு பட்டுப் பட்டு ஒரு பக்கம் குழி விழுந்திருக்குது. அதுவும் அவன் செஞ்சதுதானே.

அந்த மணியை வீரனுக்குக் கட்டுங்கன்னு நாலு பேர் சொன்னாங்க. எனக்கு ஒப்பலை. ரெண்டு மணிக்கும் சத்தம் வேற. ராசுவோடது கனத்த சத்தம், வீரனோடது கீச்சுனு இருக்கும். ராத்திரி படுத்துக்கிட்டே எவன் எந்திரிச்சான், எவன் தண்ணித் தொட்டிக்குத் திரும்பறான்னு தெரியும். வீரன் கழுத்துல இருந்து ராசு சத்தம் வந்தா என்னால தூங்க முடியாதுங்க. கட்டுத்தரை விட்டத்துல ஆணி அடிச்சு மாட்டியிருக்கேன்.

பேரன் போன்ல 14 நொடி வீடியோ ஒண்ணு இருக்குது. ராசு அசை போடறதும் தலையாட்டறதும்தான், வேற ஒண்ணும் இல்லை. ஒரு நாள் அதைக் கட்டுத்தரையில நின்னு போட்டான். வீரன் படுத்திருந்தவன் ரெண்டு காதையும் திருப்பிக்கிட்டு எந்திரிச்சு நின்னான். அப்புறம் ராசு நிக்கற பக்கத்தைப் பார்த்தான். இனி அதை அங்க போடாதே சாமின்னு பேரன்கிட்டச் சொல்லிட்டேன்.

ராசு போன ஒம்பதாம் நாளே ஒரு யாவாரி வந்தாரு. "ஒத்தை மாட்டை வச்சு என்னங்க பண்ணப் போறீங்க? வயசாச்சு, ஜோடியும் சேராது"ன்னாரு. அவர் சொன்னதுல தப்பில்லை. இந்த வருசம் மழை குறைச்சல், கொறங்காட்டுல கொழுக்கட்டைப் புல்லு முழங்கால் கூட வரலை. தட்டு விலைக்கு வாங்கிப் போடணும். பால் குடுக்கற மாடு இல்லை, உழற மாடு இல்லை. நான் கணக்குப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன். வீட்டுக்காரம்மா மோர் கொண்டாந்து அவருக்குக் குடுத்துட்டு, அவர் போனதுக்கப்புறம் என்கிட்டச் சொன்னாங்க: "ஏனுங்க, வீரனை வண்டியேத்தி விட்டுட்டு ராசு மணியை விட்டத்துல மாட்டி வச்சிருந்தா, அந்த மணியை எந்த முகத்தோட பாக்கறது?"

அதுக்கு மேல கணக்கு எதுக்குங்க. வீரன் இங்கதான் இருப்பான். ராத்திரியில துணைக்குப் பக்கத்துல ஒரு கிடாரிக் கன்னைக் கட்டறோம். இப்ப தீவனம் கொஞ்சம் திங்கறான்.

இனி ஒரு வேலை பாக்கி இருக்குது. உடுமலைப் பக்கம் சோமவாரப்பட்டியில ஆல்கொண்டமால் கோயில் இருக்குது. பொங்கலை ஒட்டித் திருவிழா நடக்கும். மாடு கன்னு நல்லா இருக்கணும்னு மண்ணுல செஞ்ச மாட்டு உருவாரம் வாங்கி வச்சு, பால் ஊத்திக் கும்பிட்டுட்டு வருவாங்க. இந்த வருசம் ரெண்டு உருவாரம் வாங்கறதா இருக்கோம். ஒண்ணு வீரன் பேர்ல கோயில்ல வைக்க, ஒண்ணு ராசுவுக்கு, வீட்டுக்குக் கொண்டு வர.

அதுக்கு என்ன வர்ணம் அடிக்கறதுன்னு இன்னும் தீரலை. காங்கயம் கன்னு பொறக்கும்போது செவப்பு. ஆறு மாசத்துல மயிலை ஆகும். காளை வளர வளர திமில்ல கருப்பு ஏறும், காயடிச்சா அது வெளுத்துப் போகும். ராசு எங்ககிட்ட வந்தப்ப சாம்பல், போகும்போது வெள்ளை. மக சாம்பல்தான்கறா. பேரனுக்கு ராசுன்னா வெள்ளைதான், அவன் பார்த்தது அதுதான். வீட்டுக்காரம்மா வர்ணமே வேண்டாம், மண்ணு நிறமே இருக்கட்டும்கறாங்க. எனக்கு அதுதான் சரின்னு படுது.

குழி மேல மழைக்கு ஒரு வெள்வேலாங்கன்னு நட்டிருக்கேன். காய் விழுந்தா மாடுகள் விரும்பித் திங்கும். ஆடு கடிக்காம இருக்க முள்கிளுவைப் போத்து வெட்டிச் சுத்தி ஊனியாச்சு.

அடுத்த பதிவுல சோளத்தட்டு விலையைப் பத்தி எழுதறேன். நிறையப் பேர் கேட்டிருக்கீங்க.